தெற்குச் சுவர் வெயில்

பேருந்திலிருந்து இறங்கி, துணி மூட்டையை இடுப்பில் சரியாக வைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் அவள் தம்பியைப் பார்த்தாள்.

எதிரில் நாலு மாடிக் கட்டிடம். அதன் தெற்குச் சுவர் முழுக்கச் சாரம் கட்டியிருந்தார்கள். பாதிச் சுவருக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. மூன்றாவது மாடி உயரத்தில், சாரப் பலகையில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தலையில் தொப்பி இல்லை, கழுத்தில் துண்டு இல்லை. முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டிருந்தான். கண்ணை மூடி முகத்தை வெயிலுக்குக் காட்டி அண்ணாந்திருந்தான். பக்கத்தில் இன்னும் இரண்டு பெயிண்டர்கள், அவனைப் போலவே.

குளிர்கால மத்தியானம். தெருவில் போகிறவர்கள்கூட நிழலை விட்டு விலகி வெயில் விழும் பக்கமாகத்தான் நடந்தார்கள். உடம்புக்கு இதமான வெயில். யாருக்கும் ஒன்றும் செய்யாத வெயில் என்று எல்லோரும் நம்பும் வெயில்.

ஆனால் தம்பிக்கு அது ஆகாது. சாப்பிடுகிற மருந்து அப்படி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவனுடைய இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. அக்கா தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். புதிதாக வைத்ததை உடம்பு வெளியாள் என்று விரட்டாமல் இருக்க, உடம்பின் காவலையே தூங்கவைக்கிற மாத்திரைகளை அவன் ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும். காவல் தூங்கினால் திருடனுக்குக் கொண்டாட்டம். அப்படிப்பட்டவர்களுக்குத் தோலில் புற்று வர மற்றவர்களைவிடப் பல மடங்கு வாய்ப்பு உண்டு என்று மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போதே சொல்லித்தான் அனுப்பினார்கள். தொப்பி, முழுக்கை, வெயில் கிரீம் என்று ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். வருஷம் முழுக்க, என்று கீழே கோடு போட்டிருந்தது.

கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள்.

மூடிக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. அறுவைக்கு முந்தின நாள் தனக்குத் தானே ஒரு கட்டளை போட்டுக்கொண்டாள்: கொடுத்ததை ஒரு நாளும் சொல்லிக்காட்டக் கூடாது. சண்டை வந்தாலும் சரி, சிரிப்புக்கும் சரி. மூன்று வருஷமாக அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. "மாத்திரை சாப்பிட்டியா" என்றுகூடக் கேட்டதில்லை. கேட்டால், என் பொருள் பத்திரமா இருக்கா என்று கேட்கிற மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். தையல் பட்டறையில் நாற்பது மடிப்புத் துணியை ஒரே வெட்டில் வெட்டுகிறவள், கத்திரி என்றே பெயர் வாங்கினவள், தம்பி விஷயத்தில் மட்டும் வாய்க்குப் பூட்டுப் போட்டு வைத்திருந்தாள்.

ஐந்து நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு, சீருடைக்கு அளவு எடுக்க வேண்டிய பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். அன்று எடுத்த அளவில் மூன்று பிள்ளைகளுக்குத் தோள் அளவையும் கை அளவையும் மாற்றி எழுதிவிட்டாள். அப்படி ஒரு தப்பு அவள் கையால் நடந்ததே இல்லை.

சாயங்காலம் கணவரிடம் சொன்னாள். அவர் லிப்ட் பழுது பார்க்கிறவர், பேச்சு குறைவு. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில், மனைவி உறுப்புக் கொடுக்கச் சம்மதம் என்ற தாளில் கையெழுத்துப் போட அவருக்கு அரை மணி நேரம் ஆயிற்று. போட்டபிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

"போன்ல சொல்லிட வேண்டியதுதான?"

"என்னன்னு சொல்றது?"

"தொப்பி போடுடான்னு."

"அது தொப்பிப் பேச்சா மட்டும் இருக்காதுங்க."

"ஞாயித்துக்கிழமை வருவான்ல. நேர்ல பாத்துக்க. நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள், தம்பியும் அவன் மனைவியும். தம்பி நெட்டையன், நிலைப்படியில் குனிந்துதான் வருவான். ஏணி இல்லாமலே கூரைக்குப் பெயிண்ட் அடிப்பான் என்று கேலி செய்து, கூட வேலை பார்க்கிறவர்கள் அவனுக்கு ஏணி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். உட்கார்ந்ததும் வழக்கம் போல மாமாவை வம்புக்கு இழுத்தான். "என்ன மாமா, லிப்ட்ல ஏறி ஏறிப் படி ஏறவே மறந்துட்டீங்களாமே?"

"நீ மட்டும் என்ன மாப்ள, தரையில நடக்கவே மறந்துட்ட."

சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. வாயைச் சட்டென்று கையால் மூடிக்கொண்டான்.

டீ கொண்டுவந்து வைத்தாள். அவன் டம்ளரை வாயின் இடது ஓரத்தில் வைத்துக் கோணலாகக் குடித்தான். குடித்துக் கீழே வைத்தபோது கண்ணாடி விளிம்பில் மெல்லிய சிவப்புக் கீற்று இருந்தது. அவள் அதைப் பார்ப்பதை அவன் பார்த்தான். கட்டைவிரலால் விளிம்பைத் துடைத்தான்.

"உதட்டுல என்ன?"

"குளிருக்கு வெடிச்சிருக்கு."

"இங்க வா. வெளிச்சத்துக்கு வா."

"ஒண்ணுமில்லக்கா. யாருக்குத்தான் வெடிக்கல? மாமா உதட்டப் பாரு, வறண்டு போய்க் கெடக்கு."

அது நிஜம்தான். அந்த மாதத்தில் ஊரில் யார் உதட்டைப் பார்த்தாலும் வெடித்துத்தான் கிடந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். குளிர்காலம் அதைக்கூட மறைத்துக் கொடுத்துவிடும் போலிருந்தது.

அவள் எழுந்து போய் அவன் மோவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். கீழ் உதட்டின் வலது பாதியில், மிளகை விடக் கொஞ்சம் பெரிதாக, தடித்த பொருக்கு. ஓரம் வெளுத்து, நடுவில் ஈரமாக இருந்தது. வெடிப்பு என்றால் கோடாக இருக்கும். இது கோடாக இல்லை. துணியில் நூல் எங்கே இழுபட்டிருக்கிறது என்று பார்த்தே பழகிய கண் அவளுக்கு.

"எத்தன நாளா இருக்கு?"

"ஒரு பத்து நாள்."

தம்பி மனைவி அதுவரை முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். நாத்தனாரை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். அண்ணியிடம் அதிகம் பேச மாட்டாள். இப்போது தலை நிமிராமலே சொன்னாள்:

"நாலு மாசம் ஆச்சு அண்ணி."

முந்தானை நுனியை விரலிலிருந்து அவிழ்த்தாள்.

"ஆறும், திரும்ப வரும். மழைக்காலத்துலேர்ந்து அப்படித்தான். டாக்டர்கிட்ட போலாம்னா, அக்காக்குத் தெரிஞ்சுடும்னு சொல்றாரு. கிட்னி டாக்டருக்குத் தெரிஞ்சா மொதல்ல அக்காகிட்டதான் சொல்லுவாங்களாம்."

தம்பி அவளை முறைத்தான். "உன்ன யாரு கேட்டா?"

"அவள ஏன் முறைக்கிற?" என்றாள் அக்கா. "என்னப் பாத்துப் பேசு. புதன்கெழம சாரத்துல ஒக்காந்திருந்தியே, தலையில ஒண்ணும் இல்லாம, மூஞ்சிய வெயிலுக்குக் காட்டிக்கிட்டு. ரோட்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"பாத்தியா? பாத்துட்டுக் கூப்பிடலயா?"

"கூப்பிடல."

"ஏன் கூப்பிடல?"

அவள் டீ டம்ளரை எடுத்து ஓரமாக நகர்த்தி வைத்தாள். அவன்தான் சொன்னான். எழுந்து நின்று சொன்னான். குரல் உயரவில்லை.

"நீ எதையுமே சொல்ல மாட்ட. அதான் எனக்குத் தாங்கல. மூணு வருஷமா ஒரு வார்த்த திட்டுனது இல்ல. முன்னெல்லாம் மூஞ்சியில அடிச்ச மாதிரிப் பேசுவ. இப்ப நான் வந்தா மெல்லமா நடக்குற, மெல்லமா பேசுற. விருந்தாளி மாதிரி பாக்குற. நீ சொல்லிக்காட்டியிருந்தா நானும் நாலு வார்த்த பதிலுக்குப் பேசிட்டு அன்னிக்கே மறந்திருப்பேன். சொல்லாமலே இருந்து இருந்து, அது என் நெஞ்சு மேல ஒக்காந்திருக்கு. இதுல உதட்டுல வேற ஒண்ணு வந்திருக்குன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஒங்கிட்ட வந்து சொல்லுவேன்?"

"சரி. தொப்பி ஏன் போடல?"

அவன் உட்கார்ந்தான். இந்தக் கேள்விக்குத்தான் அவனுக்கு அதிக வெட்கம் போலிருந்தது.

"கோடையில எல்லாரும் தலப்பாகையும் துண்டும் கட்டுவாங்க. நானும் கட்டுவேன். ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது. குளிர்ல எல்லாரும் அவுத்துடுவாங்க. நான் மட்டும் தொப்பியும் கிரீமுமா நின்னா, என்னடா ஏணி, சூரியனுக்கே பயந்த மாப்பிள்ளையான்னு கேப்பாங்க. மொத வருஷம் கேட்டாங்க. ரெண்டாவது வருஷம் காண்ட்ராக்டர் கூப்பிட்டு, ஒடம்புக்கு ஏதாச்சும் இருக்கா, உண்மையச் சொல்லுன்னாரு. அவருக்கு ஆபரேஷன் விஷயமே தெரியாது. வயித்துல வேற ஆளோட கிட்னி இருக்குன்னா சாரத்துல ஏத்துவாரா? இல்லன்னு சொல்லிட்டேன். சொன்னதுக்கு அப்புறம் தொப்பி எப்படிப் போடுறது?"

"சாரம் எந்தப் பக்கம் கட்டியிருக்கு?" என்று கேட்டார் கணவர், திடீரென்று.

"தெக்க. குளிர்ல தெக்குச் சுவர்தான் சீக்கிரம் காயும். சீசன் முழுக்க அதான் வேல."

"காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் பின்னங்கழுத்துல வெயில். முன்னாடி வெள்ளச் சுவத்துலேர்ந்து திரும்பி மூஞ்சியில அடிக்குது. ரெண்டு பக்கமும் வாட்டி எடுக்குது உன்ன." அவர் எழுந்து நின்றார். "நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி. நானும் வர்றேன்."

மறுநாள் சிறுநீரக மருத்துவர் உதட்டைப் பார்த்த அடுத்த நிமிஷமே தோல் பிரிவுக்கு அனுப்பினார். தோல் மருத்துவர் கண்ணாடி அணிந்த ஓர் அம்மா. விளக்கோடு கூடிய சின்ன லென்சை வைத்து உதட்டைப் பார்த்தார். பிறகு காது மடல், பின்னங்கழுத்து, புறங்கை, நெற்றி எல்லாவற்றையும் பார்த்தார். பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வேல என்ன?"

"பெயிண்டர்."

"வெளிச்சுவரா?"

"ஆமா டாக்டர். ஆனா நாலஞ்சு மாசமா வெயில் அவ்வளவா இல்ல. குளிர்தான."

அவர் லென்சை மேஜையில் வைத்தார். "எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. சூடு வேற, கதிர் வேற. சூடு தோலுக்குத் தெரியும், சுட்டா நகந்துடுவீங்க. தோலக் கெடுக்குற கதிர் ஒங்களுக்குத் தெரியாது. குளிர்ல அது கொஞ்சம் கொறையுதுதான். ஆனா சுடாததால நாள் பூரா அதுல ஒக்காந்துடுறீங்க. கோடையில மரத்தடிக்கு ஓடுன ஆளு, குளிர்ல மொகத்தக் காட்டிக்கிட்டு இருப்பாரு. கணக்குப் பாத்தா எது அதிகம்?"

மருத்துவர் மரத்துப்போகும் ஊசி போட்டு உதட்டிலிருந்து அரிசி மணி அளவுக்குச் சதையை எடுத்தார். முடிவு வர எட்டு நாள் ஆகும் என்றார்.

அந்த எட்டு நாளும் நெருப்பை மடியில் கட்டிக்கொண்டது போலத்தான் போயிற்று. பட்டறையில் அவள் மேஜைக்கு யாரும் வந்து பேச்சுக் கொடுக்கவில்லை. ஒரு தடவை கத்திரி அடுக்கின் நடுவில் நின்றுவிட்டது. எதற்கு நிறுத்தினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. தினமும் தம்பிக்குப் போன் செய்தாள். அவன் எடுப்பான். இருவரும் என்ன சாப்பிட்டாய், குழாயில் தண்ணீர் வந்ததா என்று பேசிவிட்டு வைத்துவிடுவார்கள். அவன் வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று காண்ட்ராக்டரிடம் சொல்லியிருந்தான்.

ஒன்பதாம் நாள் சிறுநீரக மருத்துவரின் அறையில் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். நாற்காலி மூன்றுதான் இருந்தது; கணவர் கதவோரம் நின்றார். மருத்துவர் வயதில் சின்னவர். சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"புத்துதான். ஆரம்ப நெல. கழுத்துல நெறி எதுவும் கட்டல, அது நல்ல விஷயம். அந்த எடத்த வெட்டி எடுத்துத் தெச்சுடலாம். உதடு கொஞ்சம் சின்னதாத் தெரியும், அவ்வளவுதான்."

தம்பி மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"அது ஒண்ணு," என்றார் மருத்துவர். "இன்னொண்ணு இருக்கு. நீங்க சாப்பிடுற மாத்திரைய இதே அளவுல தொடர்ந்தா இது திரும்ப வரலாம். அடுத்த தடவ இவ்வளவு லேசா இருக்காது. அதனால ஒண்ணக் கொறச்சு, இன்னொண்ண வேற மருந்தா மாத்தலாம்னு பாக்குறோம். ஆனா மாத்துனா, ஒடம்பு கிட்னிய எதுக்க ஆரம்பிக்க வாய்ப்பு இருக்கு. கொஞ்ச வாய்ப்புதான். ஆனா இல்லன்னு என்னால சொல்ல முடியாது."

"கிட்னி போயிடுமா?" தம்பி கேட்டான்.

"போகலாம். வாரா வாரம் ரத்தம் பாத்துக்கிட்டே வருவோம். மோசமாகுதுன்னு தெரிஞ்சா ஒடனே நிறுத்திப் பழையபடி மாத்திப் பாப்போம்."

"வேணாம் டாக்டர்."

"என்ன வேணாம்?"

"மருந்தக் கொறைக்க வேணாம். உதட்ட வெட்டுங்க, எவ்வளவு வேணும்னாலும் வெட்டுங்க. கிட்னிக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. அது..." அவன் நிறுத்தினான். "அது என்னோடது இல்ல."

மருத்துவர் கண்ணைச் சுருக்கினார். "சார், மூணு வருஷமா ஒங்க ரத்தம் ஓடுது அதுல. சட்டப்படியும் ஒங்களோடது, ஒடம்புப்படியும் ஒங்களோடது."

"இல்ல டாக்டர். உசுரே போனாலும் அக்கா குடுத்தத நான் கெடுக்க மாட்டேன்."

இத்தனை நாள் அவள் வாயைக் கட்டிக்கொண்டு காத்தது இதற்குத்தானா? சொல்லாமல் இருந்தால் அவன் மறந்துவிடுவான் என்று நினைத்தாள். அவனோ அதைச் சாமி மாதிரி உள்ளே வைத்து, தன் உயிரையே அதற்குப் படையல் வைக்கத் தயாராக உட்கார்ந்திருக்கிறான்.

"டேய்," என்றாள்.

மூன்று வருஷத்தில் அந்தக் குரலில் அவனை அவள் கூப்பிட்டதில்லை. அவன் திரும்பினான்.

"கண்ண வித்துச் சித்திரம் வாங்குவாங்களாடா? நான் என்ன, கிட்னிய பத்தரமா வெச்சுக்க எடம் இல்லாம ஒன் வயித்துல கொண்டு வந்து வெச்சேனா? நீ இருக்கணும்னுதான் குடுத்தேன். இப்ப அது இருக்கணும்னு நீ போறேங்கிற. புத்தி இருக்கா? நீ இருந்தா இன்னொரு கிட்னிக்கு அலையலாம், மெஷின்ல ஓட்டலாம், என்னமோ பண்ணலாம். கிட்னிய வெச்சுக்கிட்டு ஒன்ன எங்கடா போய்த் தேடுறது?"

"அக்கா..."

"நான் பேசிக்கிறேன், நீ சும்மா இரு. சொல்லிக்காட்டல, சொல்லிக்காட்டலன்னு கொறப்பட்டியே. இந்தா, சொல்லிக்காட்டுறேன். இருபத்தேழு தையல் எனக்கு. ரெண்டு மாசம் மூட்ட தூக்க முடியல. இருமுனா உசுரு போச்சு. மழ நாள்ல இன்னும் இழுக்குது. இவ்வளவும் பட்டது, நீ சாரத்துல ஏறி மூஞ்சியக் காயப்போடுறதுக்கா? அறிவுகெட்டவனே."

சொல்லி முடித்ததும் அவளுக்கு மூச்சு வாங்கியது. கதவோரம் நின்ற கணவர் தரையைப் பார்த்தார். தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, சதை எடுத்த உதட்டை அசைக்காமல், மூக்கின் வழியாக ஒரு சத்தம் விட்டான். அழுகை என்று நினைத்தாள். சிரித்திருக்கிறான்.

"இருபத்தேழா? எனக்கு முப்பத்தொண்ணு," என்றான்.

மருத்துவர் பேனாவை எடுத்தார். "அப்போ மருந்த மாத்தி எழுதட்டுமா?"

"எழுதுங்க," என்றான் தம்பி.

வெட்டுவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. உதட்டில் ஆப்பு மாதிரி ஒரு துண்டை எடுத்து, இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தைத்தார்கள். ஓரங்களில் மிச்சம் இல்லை என்று பரிசோதனையில் வந்தது. அது பாதிக் கிணறு தாண்டியதுதான். மீதிக் கிணறு புதிய மருந்து.

வாரா வாரம் செவ்வாய்க்கிழமை ரத்தம் எடுத்தார்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதை ஒரே ஓர் எண் சொல்லும். அது ஏறினால் கெட்டது. தம்பிக்கு ஒன்று புள்ளி மூன்று என்று மூன்று வருஷமாக அசையாமல் நின்ற எண். மருந்து மாற்றிய முதல் வாரம் ஒன்று புள்ளி நாலு. இரண்டாம் வாரம் ஒன்று புள்ளி ஏழு. தம்பி மனைவி போனில் அந்த எண்ணை மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

அக்கா பட்டறையில் லீவு சொல்லிவிட்டு ஓடினாள். மருத்துவர் எண்ணைப் பார்த்தார், மருந்தை மாற்றவில்லை.

"இன்னும் ஒரு வாரம் பாப்போம்."

"பாத்துக்கிட்டே இருந்து போயிட்டா?" என்றாள்.

"இதுக்கு மேல போச்சுன்னா ஒரு நாள்கூடப் பாக்க மாட்டேன்மா. ஊசியால கிட்னியில சதை எடுத்துப் பாத்து முடிவு பண்ணிடுவேன். இப்ப அவசரப்பட்டா, உதட்டுக்காகச் செஞ்சது வீணாயிடும்."

அந்த வாரம் அவள் தன் வயிற்றின் இடது பக்கத் தழும்பை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அங்கே ஒன்றும் இல்லை. இருந்தது இன்னொரு வீட்டில், இன்னொருவன் உடம்பில், என்ன நிலைமையில் என்று தெரியாமல் இருந்தது. போனால் போகட்டும் என்று சொன்னவள்தான். சொன்னது பொய்யில்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஏதோ ஒன்று, போயிடாதே, என்று கெஞ்சிக்கொண்டே இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம் மட்டும், "பயமா இருக்குங்க" என்றாள். அவர் "எனக்கும்தான்" என்றார்.

சும்மா இருக்க முடியாமல் துணி தேடினாள். பட்டறையின் மிச்சத் துண்டுகள் கிடந்த பெட்டியைக் கவிழ்த்து, ஒவ்வொன்றையும் ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். வெளிச்சம் ஊடுருவினால் கீழே போட்டாள். கடைசியில் நெருக்கமான நெசவில் கரும்பச்சைத் துணி ஒன்று அகப்பட்டது. பிடித்தால் விரல் நிழல்கூட மறுபக்கம் தெரியவில்லை. தொப்பிக்கு விளிம்பு முன்னால் நாலு விரல் அகலம் வெட்டினாள். பின்னால் காதையும் கழுத்தையும் மூடித் தோள் வரை இறங்கும் மடிப்பு வைத்தாள். சட்டைக் கையை மணிக்கட்டு தாண்டி நீட்டி, கட்டைவிரல் நுழையத் துளை போட்டாள். சுருட்டிவிட முடியாது. அந்தத் துளையைத் தைக்கும்போது கொஞ்சம் குரூரமான திருப்தி இருந்தது.

மூன்றாம் வாரம் ஒன்று புள்ளி ஆறு. நாலாம் வாரம் ஒன்று புள்ளி நாலு. ஆறாம் வாரமும் அதுவே. "இனிமே மாசம் ஒரு தடவ வந்தாப் போதும்," என்றார் மருத்துவர். பழைய எண்ணுக்கு அது திரும்பவில்லை. திரும்பாமலும் இருக்கலாம், பரவாயில்லை என்றார்.

வேலைக்குப் போவதற்கு முன்னால் தம்பி காண்ட்ராக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவர் திட்டினார். நாலு மாடி உயரத்தில் நீ மயங்கி விழுந்திருந்தா யாரு ஜெயிலுக்குப் போறது என்று கேட்டார். பொய் சொன்னதுக்கு உன்னை இன்றைக்கே நிறுத்தணும் என்றார். இரண்டு நாள் யோசித்துவிட்டு, உள் சுவர் வேலைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். வெளிவேலை என்றால் வடக்குச் சுவர், அதுவும் பத்து மணிக்குள், இல்லையென்றால் மூணு மணிக்கு மேல். கூலியும் முன்னைப்போல் இல்லை. வெளிச்சுவர்க்காரனுக்குக் கிடைக்கிற கூலி உள்சுவர்க்காரனுக்குக் கிடைக்காது. தம்பி ஒப்புக்கொண்டான். கரும்பச்சைத் தொப்பியோடு போன முதல் நாள், கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் தைத்த உதட்டைக் காட்டி, எதனால் வந்தது என்று சொன்னான். சிரிப்பு அடங்கியது. அடுத்த வாரம் ஒருவர், முன்தலை வழுக்கையானவர், இந்த மாதிரித் தொப்பி எனக்கும் ஒண்ணு கெடைக்குமா என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாராம்.

கோடை வந்தது; போனது. மறுபடி காலையில் மூச்சு புகையாக வரத்தொடங்கிய ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவளுக்குப் போன் வந்தது. தம்பி.

"அக்கா, காதுல ஒண்ணு வந்திருக்கு."

அவள் கையிலிருந்த சாக்கட்டியை மேஜையில் வைத்தாள்.

"எப்ப?"

"காலைல முகம் கழுவுறப்போ சொரசொரன்னு தட்டுப்பட்டுச்சு. சின்னதா, செதில் மாதிரி. நேத்து இல்ல. நல்லாத் தேடிப் பாத்தேன், வேற எங்கயும் இல்ல."

"வலிக்குதா?"

"இல்ல. தோல் டாக்டருக்குப் போன் பண்ணிட்டேன். நாளைக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. இந்த மாதிரி செதில் அப்பப்ப வரும், புத்தாகுறதுக்கு முன்னாடியே உறைய வெச்சு உதுத்துடலாம்னு சொன்னாங்க. பாத்தாத்தான் தெரியுமாம்." கொஞ்சம் நிறுத்தினான். "பயமாத்தான் இருக்கு."

அவளுக்கும் பயம்தான். இது ஒரு தடவையோடு முடிகிற விஷயம் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் நாலு மாசம் கழித்து இன்னொருவர் வாயால் தெரிந்துகொண்டவளுக்கு, காலையில் வந்ததை மத்தியானமே அவன் வாயால் கேட்பது வேறு மாதிரி இருந்தது.

"எரும," என்றாள். "பத்து மணிக்குன்னா ஒன்பதரைக்கே வாசல்ல நில்லு. லேட்டா வந்து என்னக் காக்க வெக்காத."

"நீ எதுக்கு வர்ற? ஒனக்கு வேல இல்லையா?"

"எனக்கு லீவு இருக்கு," என்றாள், மேற்பார்வையாளரின் அறைப் பக்கம் நடந்துகொண்டே.